நாலு விரல் உயரம்

சகலைகளுக்குள் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரை உறவுக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொண்டே இருப்பார்கள். அளவுக்கு நின்றவர்கள் ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? ஆனால் எட்டாம் நம்பர் பேருந்தை இருபத்தாறு வருஷம் ஓட்டிய டிரைவருடைய பொறாமைக்கு நாளும் கிழமையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் தங்கை வீட்டு வாசலில், சகலை ஒரு சாம்பல் நிற உறையை ஒரு பக்கமாக உருவி எடுத்தபோது அது வந்தது.

உறைக்குள் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் இருந்தது. இரண்டே இருக்கை. கூரை துணியால் ஆனது. கொக்கியை விடுவித்துப் பின்னால் மடக்கினால் வானம் தெரியும். இருக்கைகளுக்குப் பின்னால் வளைந்த இரும்புக் குழாய் ஒன்று நின்றது. பத்து வருஷப் பழைய வண்டிதான். இருந்தாலும் அது தரையோடு தரையாகப் படுத்திருந்த விதத்தைப் பார்த்து டிரைவர் அதை ஒருமுறை முழுசாகச் சுற்றி வந்தார். நல்லா இருக்கு என்று சொன்னார். டயர் தேய்ஞ்சிருக்கு என்றும் சேர்த்துக்கொண்டார்.

சகலைக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடிதான். குள்ளமான, மெத்தென்ற கைகள் உள்ள மனிதர். முப்பத்தைந்து வயது வரைக்கும் அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. கற்றுக்கொடுத்தது யார்? டிரைவர்தான். டிப்போவுக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில், கிளட்சை விடத் தெரியாமல் மூன்று வாரம் குதித்துக் குதித்துப் போன மனிதரை, பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து நேராக்கியவர் அவர். அந்தக் கைகள் இன்று இந்தக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கின்றன.

சும்மா ஊருக்குள் ஓட்டுவதற்காக மட்டும் சகலை அதை வாங்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதைச் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். ட்ராக் டே என்று பெயர். சொந்தக் காரைக் கொண்டுபோய், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இருபது இருபது நிமிஷமாக ஓட்டலாம். பந்தயம் கிடையாது. பரிசு கிடையாது. ஒருவரை முந்த வேண்டுமென்றால்கூட, முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழி விட்டால்தான் உண்டு. பல் டாக்டர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி வாத்தியார் என்று பலபேர் வந்து, மாலையில் முகமெல்லாம் சிவந்து வீட்டுக்குப் போவார்கள்.

"நீங்களும் கூட வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்ணே," என்றார் சகலை.

டிரைவருக்கு மறுப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. போகவேண்டும் போலவும் இருந்தது. அதுதான் அவருக்கே எரிச்சலாக இருந்தது.

டிரைவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முதலாவது, அவருடைய உயரம். ஆறடிக்கு மேல் போய், உடம்பில் சதையே இல்லாமல் நீண்டிருந்ததால், டிப்போவில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஏணிக்குப் பதில் அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டாவது, அவர் ஓட்டும் விதம். அவர் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கலாம். கையில் டீ டம்ளரோடு ஏறினாலும் சிந்தாது. பிரேக்கை அவர் அழுத்துவது யாருக்கும் தெரியாது. வண்டி நின்ற பிறகுதான் நின்றது தெரியும். இதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது சொல்லுவார்கள் என்று இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்தார்.

முக்கியமாக மனைவி சொல்லுவாள் என்று. அந்த அம்மாள் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் தினமும் அவருடைய பேருந்தில்தான் போனாள். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். தண்ணீர்த் தொட்டி அருகே சாலை இடதுபக்கம் மடங்கும் இடத்தில், அந்தத் தலை கம்பியில் இடித்துவிடக் கூடாதே என்று அவர் வண்டியை நடைவேகத்துக்கு இறக்குவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் ஆனபிறகும் இதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்த முதல் ட்ராக் டேக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்தே போனது. சகலை கரும்பச்சைக் காரில் முன்னால் போக, டிரைவரும் மனைவியும் மைத்துனியும் ஒரு வாடகை வண்டியில் பின்னால் போனார்கள். அங்கே போனதும் டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். காற்று அளந்தார். சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். காரின் பெட்டியில் கிடந்த குடை, தண்ணீர் பாட்டில், ஒரு ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். பக்கத்துக் கார்க்காரர்கள்கூட அவரிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

"வாங்கண்ணே, பக்கத்துல உக்காருங்க. முதல் ரவுண்டு உங்களோடதான்," என்றார் சகலை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, குனிந்து வளைந்து டிரைவர் உள்ளே இறங்கினார். அப்போதுதான் பரிசோதகர் வந்தார். தொப்பி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அவர் கையில் துடைப்பத்திலிருந்து கழற்றிய ஒரு நீளக் கம்பு இருந்தது. கூரை இல்லாத கார்களுக்கு அங்கே ஒரு சட்டம். பின்னாலிருக்கும் இரும்பு வளையத்தின் உச்சியிலிருந்து முன் கண்ணாடியின் மேல் விளிம்பு வரைக்கும் அந்தக் கம்பை வைப்பார்கள். உட்கார்ந்திருப்பவருடைய ஹெல்மெட் கம்பைத் தொடக்கூடாது. வண்டி கவிழ்ந்தால் பூமிக்கும் தலைக்கும் நடுவில் அந்த இடைவெளிதான் மிஞ்சும்.

பரிசோதகர் கம்பை வைத்தார். கம்பு டிரைவருடைய ஹெல்மெட்டில் ஏறி நின்றது.

"கொஞ்சம் கீழ போங்க சார்."

டிரைவர் சரிந்தார். இன்னும் சரிந்தார். தாடை நெஞ்சில் இடிக்கும் வரைக்கும் சரிந்து பார்த்தார்.

"நாலு விரல் கூடுது. முடியாது சார், இறங்கிடுங்க."

"டிரைவர் சீட்டுல?" என்று கேட்டார் டிரைவர். ஏன் கேட்டோமென்று அவருக்கே புரியவில்லை.

அந்த இருக்கையும் அதே உயரம்தான் என்றார் பரிசோதகர். சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வன்மமில்லாத சிரிப்பு. "ஒட்டடைக்குச்சிய தொடப்பக்கம்பு ஜெயிச்சிருச்சேண்ணே! சரி, ஒண்ணு சொல்றேன். என்னைக்கு உங்க தலை அந்தக் கம்புக்குக் கீழ வருதோ, அன்னைக்கு வண்டிய நீங்களே ஓட்டுங்க. நான் வேடிக்கை பாக்கறேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். டிரைவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலியான இருக்கைக்கு யார் என்ற பேச்சு வந்தபோது மைத்துனி தனக்கு வேண்டவே வேண்டாம், வயிற்றைக் குமட்டும் என்றாள். டிரைவருடைய மனைவி கைப்பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டுக்குக் கையை நீட்டினாள். அவள் உயரத்துக்குக் கம்பு எங்கேயோ இருந்தது.

வேலிக்குப் பின்னால் நின்று டிரைவர் பார்த்தார். கரும்பச்சைக் கார் ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முன்னால் ஒரு சத்தமாக வந்து ஒரு சத்தமாகப் போனது. திருப்பத்தில் சகலை பிரேக்கைத் தாமதமாக அழுத்துகிறார், ஸ்டீயரிங்கை இரண்டு தடவையாக ஒடிக்கிறார், வெளியே வரும்போது வண்டி வாலை ஆட்டுகிறது. எல்லாத் தப்பும் டிரைவருக்குத் தெரிந்தது. எல்லாத் தப்புக்கும் நடுவில், பக்கத்து இருக்கையில் ஒரு சின்னத் தலை இடமும் வலமுமாக ஆடுவதும் தெரிந்தது.

இருபது நிமிஷம் கழித்து அவள் இறங்கி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அந்த முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இருபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த பெண்ணிடம் தான் பார்க்காத ஒரு முகம் மிச்சமிருந்தது, அதை முதலில் பார்த்தவன் சகலை.

அடுத்த ஒரு வாரம் அவள் அதைப் பற்றித்தான் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், பள்ளியில், தொலைபேசியில். திருப்பத்தில் வயிறு அப்படியே ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்றாள். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பயமே கிடையாது என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுலயும் டிரைவர்தானே, நீங்க பாக்காத வேகமா?" என்று கேட்டுவைத்தாள்.

"இவரு வண்டியிலயா? இவரு வண்டியில ஏறினா தூக்கம்தான் வரும்," என்றாள் மனைவி.

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஊசியைக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. நாலு விரல். சாப்பிடும்போது வலது கையின் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார். உடம்பைக் குறைக்க முடியாது. தலையைக் குறைக்க முடியாது. அப்படியானால் எது குறையும்? சில மாதம் கழித்து ஒரு நாள் டிப்போவில், பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர் ஒரு பழைய இருக்கையைப் பிரித்துப் போட்டிருந்தார். உள்ளேயிருந்த ஃபோம் பலகை ஒரு பக்கம் கிடந்தது. டிரைவர் அதை எடுத்து, ஓரத்தில் விரல்களை வைத்து அளந்தார்.

மாதம் ஒரு முறை சகலை காரை டிப்போவுக்குப் பக்கத்துப் பட்டறையில் விட்டுப் போவது வழக்கம். எண்ணெய், பிரேக் எல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்வார். அந்த மாதம் கார் வந்தபோது, ஓட்டுகிறவர் இருக்கையைக் கழற்றி, உறை தைக்கிறவரிடம் கொண்டுபோனார். உறையைப் பிரித்து, உள்ளேயிருந்த ஃபோமில் நாலு விரல் கனத்துக்கு ஒரு பலகையை அறுத்து எடுத்துவிட்டு, பழையபடி தைத்தார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்த துண்டை உறை தைக்கிறவர், "இத உங்க சீட்டுல போட்டுக்கங்க, முதுகுக்கு நல்லது," என்று அவரிடமே கொடுத்தார். டிரைவர் அதை எட்டாம் நம்பர் பேருந்தில் தன் இருக்கை மேல் போட்டுக்கொண்டார்.

சகலையிடம் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பாரம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி திருப்பத்தில் நிற்கும் என்றார். அது உண்மைதான். யாருக்காகக் கீழே இறக்கினார் என்பதைத்தான் விட்டுவிட்டார். சகலை உட்கார்ந்து பார்த்தார். ஸ்டீயரிங் அவர் மூக்குக்கு நேராக வந்தது. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

உடனே ஓட்டக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு மாதம் போகட்டும், தன் உயரத்துக்கு இருக்கை பொருந்தியது தற்செயல் மாதிரி இருக்கட்டும் என்று டிரைவர் கணக்குப் போட்டிருந்தார். ஆகவே அந்த ஞாயிறும் அவர் வேலிக்குப் பின்னால்தான் நின்றார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி. இப்போதெல்லாம் யாரும் அவளைக் கேட்பதில்லை. அவளே ஹெல்மெட்டை எடுத்துக்கொள்வாள்.

மூன்றாவது சுற்றில், தடத்தின் வலதுபக்கத் திருப்பத்தில், கார் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. சகலை சுதாரித்து ஒடித்தார். பின்பக்கம் முன்னால் வந்தது. கார் தன்னைத்தானே இரண்டு முறை சுற்றி, புல்லைக் கிழித்துக்கொண்டு, சரளைக்கல் பரப்பில் புழுதி கிளம்ப நின்றது.

அந்த நொடியில் டிரைவருடைய நெஞ்சுக்குள் ஒன்று குதித்தது. சந்தோஷம்தான். வேறு பெயர் சொல்ல முடியாது. விழுந்தாயா என்று ஒரு குரல் கேட்டது, அது அவருடைய குரலாகவே இருந்தது. மறுநொடிதான் பக்கத்து இருக்கையில் யார் என்பது நினைவுக்கு வந்தது. வேலிக் கம்பியைத் தாண்டினார். தடத்துக்குள் ஓட முயன்றவரைக் கொடி காட்டும் ஆள் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. இழுவை வண்டி காரைக் கொண்டுவந்து விட்டது. மனைவி இறங்கி வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, ஒரு கையால் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி டிரைவருக்கு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, விழுந்தாலும் இவனோடு விழுந்தால் சிரிக்கிறாளே என்பதும் வந்தது.

சகலை சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். திருப்பத்தின் உள்விளிம்பில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கல்வரிசை இருக்கும், அதைப் பார்த்துத்தான் திருப்புவேன் என்றார். "இன்னைக்கு அது தெரியலண்ணே. வண்டி மூக்குதான் தெரிஞ்சுது." சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். டிரைவர் சக்கரத்தில் சிக்கிய புல்லைப் பிடுங்குகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

இருக்கையைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தார். சகலை காரைப் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை. தானாகப் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த ட்ராக் டேக்கு முந்தின நாள் சகலையே வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"இந்தத் தடவை நீங்க ஓட்டுங்கண்ணே. சீட்டு உங்க அளவுக்குத்தான் இருக்கு."

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களில் கேலி இருந்ததா, கோபம் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் சரி என்றார்.

பரிசோதகர் கம்பை வைத்தார். ஹெல்மெட்டுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு தாள் நுழைய இடம் இருந்தது. "போன தடவைக்கு இந்தத் தடவை குறைஞ்சிட்டீங்களே சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். பக்கத்து இருக்கையில் மனைவி ஏறினாள். சகலை குனிந்து ஒரே ஒரு புத்தி சொன்னார். ஓட்டி முடித்து வந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுக்க வேண்டாம், பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும், கியரில் விட்டுவிடுங்கள், சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன் என்றார். சரி சரி என்றார் டிரைவர்.

அந்த இருபது நிமிஷத்துக்காகத்தானே இத்தனையும். தடத்துக்குள் நுழைந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது கார் ஒரு விலங்கு மாதிரி முன்னால் பாய்ந்தது. காற்று ஹெல்மெட்டுக்குள் இரைந்தது. முதல் திருப்பம் வந்தது. எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே ஒடிக்க வேண்டும், எங்கே திரும்ப மிதிக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். வேலிக்குப் பின்னால் நின்று நூறு முறை மனதுக்குள் ஓட்டியிருக்கிறார்.

கால் கேட்கவில்லை. திருப்பத்துக்கு வெகுதூரம் முன்பாகவே அது தானாகப் பிரேக் மேல் போய்ப் பூப்போல உட்கார்ந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறது, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றே அந்தக் கால் நினைத்தது. மூளை மிதி என்றது, கால் பொறு என்றது. இரண்டாவது சுற்றிலும் அப்படி. மூன்றாவதிலும் அப்படி. பின்னாலிருந்து பல் டாக்டர் நெருங்கினார்; டிரைவர் கையை வெளியே நீட்டி வழி விட்டார். வாத்தியார் வந்தார், வழி விட்டார். மளிகைக் கடைக்காரர் தன் குடும்பக் காரிலேயே முந்திக்கொண்டு போனார். கொடி காட்டும் ஆள் ஒவ்வொரு சுற்றுக்கும் அவரைப் பார்த்து ஓரம் போகச் சொல்லும் நீலக் கொடியை ஆட்டினார். கடைசியில் கை வலித்தோ என்னவோ அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

திரும்பி வந்து நிறுத்தினார். நிறுத்திய கையோடு ஹேண்ட்பிரேக்கைக் கடகடவென்று மேலே இழுத்தார். இருபத்தாறு வருஷமாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுத்த கை அது. இழுத்த பிறகுதான் சகலை சொன்னது ஞாபகம் வந்தது. ஐயோ என்று விட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்.

சகலை ஓடிவந்து குனிந்து சக்கரத்துக்குள் விரலை நீட்டினார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற பாடு தெரிந்தது.

"ஒண்ணும் ஆகலண்ணே. சூடே இல்ல."

டிரைவர் பக்கத்தில் திரும்பினார். மனைவியின் தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உலுக்கி எழுப்பியபோது அவள் மலங்க மலங்க விழித்தாள்.

"வந்துட்டோமா? கண்ணு அசந்துருச்சுங்க," என்றாள்.

அன்று மாலை வரைக்கும் அந்த இடமே இதைச் சொல்லிச் சிரித்தது. ட்ராக்கில் பக்கத்து இருக்கையில் தூங்கியவர் இதுவரை யாரும் இல்லை என்றார் பரிசோதகர். மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். திட்டியிருந்தால்கூட டிரைவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். யார் கேட்டாலும் ஆள் பற்றாக்குறை என்றார். சகலை இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காரை வேறு பட்டறையில் விட ஆரம்பித்தார். மனைவி எப்போதாவது தங்கையோடு போய்விட்டு, சிவந்த கன்னத்தோடு திரும்பி வருவாள். டிரைவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார். நாலு விரல் ஃபோம் அவர் இருக்கையிலேயே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, இரண்டு வருஷம் ஓட்டினார்.

இரண்டாவது வருஷ முடிவில், ஒரு பகல் பதினொரு மணிக்கு, கடையில் ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காலைச் சரிசெய்துகொண்டிருந்த சகலை, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கையில் கண்ணாடித் திருகை இறுக்கும் சின்னத் திருப்புளி இருந்ததாம்.

நாட்கள் போனபின் மைத்துனி காரை விற்றுவிட முடிவு செய்தாள். வாசலில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்றாள். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை கிளப்பி வைக்கும்படி டிரைவரிடம் சாவியைக் கொடுத்தாள். இப்போது அவர் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். கம்பு வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. அவர் எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வருவார். தெருமுனை வரைக்கும்கூட எடுத்துப் போகத் தோன்றவில்லை. யார் பார்த்து வயிறெரியப் போகிறார்கள்?

வாங்க வருகிறவர்களுக்காக வண்டியைச் சுத்தம் செய்த அன்று, பின்பெட்டியைத் திறந்தார். ஹெல்மெட் பைக்கு அடியில் ஒரு சோபா மெத்தை இருந்தது. பழுப்பு நிறம். அதன் குறுக்காக ஒரு பட்டையைப் போட்டு, இருக்கையோடு சேர்த்துக் கட்டும்படி இரண்டு கொக்கியும் தைத்திருந்தது. சகலையின் தையல்தான், கண்ணாடி துடைக்கும் துணிகளின் ஓரத்தில் அவர் போடும் நெருக்கமான தையல். மெத்தையின் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம் நன்றாக விழுந்திருந்தது. டிரைவர் விரல்களைச் சேர்த்து ஓரத்தில் வைத்தார். நாலு விரல்.

மைத்துனி வெளியே வந்து பார்த்தாள். "இதுவா? ரெண்டு வருஷமா சோபாவுல ஒண்ணு காணோம்னு தேடிக்கிட்டிருந்தேன் மாமா. கேட்டா எனக்குத் தெரியாதுன்னே சொல்லிட்டாரு."

இரண்டு வருஷம். ஒவ்வொரு மாதமும் சகலை இதை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார், ஓட்டிவிட்டு அவிழ்த்து வைத்திருக்கிறார். வேறு பட்டறையில் காரை விட்டவருக்கு, அங்கேயே அந்த இருக்கையைப் பழையபடி ஆக்கிக்கொள்ள அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஆக்கவில்லை. இருக்கையை டிரைவருடைய அளவுக்கே விட்டு வைத்திருந்தார்.

"அந்த ஃபோமை எடுத்தது நான்தாம்மா," என்றார் டிரைவர்.

"எந்த ஃபோம்?" என்ற மைத்துனி, பதிலுக்குக் காத்திராமல் மெத்தையைத் தட்டிப் புழுதியைப் போக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டிரைவர் பின்பெட்டியை மூடினார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். அதற்கு முன்னால் பழகின அந்த எரிச்சல்தான் வந்தது. கையைக் காட்டி வழி விட்டிருக்கிறான். இரண்டு வருஷமாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நான் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. இதிலும் இவன்தான் முந்திக்கொண்டான். அப்படி நினைத்த பிறகுதான் கண் நிறைந்தது.

காரை வாங்க வந்தவர் ஒரு மருந்துக் கடைக்காரப் பெண். குள்ளம். உட்கார்ந்து பார்த்துவிட்டு, சீட்டு ரொம்பப் பள்ளமாக இருக்கிறதே என்றாள். ஒரு நாள் பொறுங்கள் அம்மா, இதன் துண்டு என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டிரைவர் டிப்போவுக்குப் போனார். தன் இருக்கை மேல் கிடந்த ஃபோமை எடுத்தார். இரண்டு வருஷ பாரத்தில் அது அப்பளமாகச் சப்பிப்போயிருந்தது. இரண்டு விரல்கூடத் தேறவில்லை. உறை தைக்கிறவர் அதைத் தூரப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டிக்கொடுத்தார். டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதை வைத்துத் தைத்தார். தைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

கார் விற்றுப் போன ஞாயிற்றுக்கிழமை மாலை, மைத்துனி வீட்டுக் கூடத்தில் டீ குடித்தார்கள். சோபாவில் மூன்று மெத்தையும் இருந்தன. நடுவில் இருந்தது மட்டும் கொஞ்சம் பள்ளமாக, லேசான பெட்ரோல் வாசனையோடு இருந்தது. டிரைவர் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.

"அங்க ஏங்க உக்காந்தீங்க, அது அமுங்கிப் போயிருக்கு. இப்படி வாங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்," என்றார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நிற்க, அந்த உயரமான மனிதர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அதிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவர் தோள்பக்கம் சாயத் தொடங்கியது. டீ சிந்தாமல், அவர் மெல்ல டம்ளரை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.